செல்லமே நலமா? – ஓணானை மடியில் கட்டும் முன்...

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, ‘குத்துதே, குடையுதே’ என்றானாம் ஒருவன். இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. இன்றைக்கு லண்டனிலும் நியூஜெர்சியிலும் சிட்னியிலும் நம் பிள்ளைகளின் மடியில் நிஜமாகவே ஓணான் உட்கார்ந்திருக்கிறது. பெயர்தான் கொஞ்சம் ஸ்டைலாக இருக்கும்: பியர்டட் டிராகன்!

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகி ஒருவர் இந்த வாரம் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். அவர் மகனுக்கு 14 வயது. இரண்டு வருடமாக ஒரு பெண் பியர்டட் டிராகனை வளர்க்கிறான். பள்ளி நண்பனிடம் ஆண் இருக்கிறது. இரண்டையும் ஜோடி சேர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, விற்று, அந்தக் காசில் லேப்டாப் வாங்குவது திட்டம். அப்பா பச்சைக்கொடி காட்டிவிட்டார். அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சரி என்று சொல்லலாமா, கூடாதா என்பதுதான் அவர் கேள்வி.

சகோதரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குஞ்சு பொரிக்க வைப்பது கஷ்டமில்லை. கவனமாக இருந்தால் வீட்டிலேயே முடியும். ஆனால் இந்த விஷயத்தில் முட்டை வருவது கதையின் முடிவு இல்லை, ஆரம்பம். முட்டைக்கு முன்னால் தாயின் உடம்பு இருக்கிறது. முட்டைக்குப் பின்னால் 20, 40, 60 என்று வரிசை கட்டும் வாய்கள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் சரி சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்தத் தாடிக்காரர்?

பியர்டட் டிராகனின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலங்கள். வீடுகளில் அதிகம் வளர்வது போகோனா விட்டிசெப்ஸ் என்ற இனம். நம் தோட்டத்து ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து வால் நுனி வரை 40 முதல் 60 சென்டிமீட்டர் நீளம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருடம் வரை, சில சமயம் அதற்கு மேலும் வாழும். தொண்டையைச் சுற்றி முள் முள்ளாகத் தோல். கோபமோ காதலோ வந்தால் அதை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். தாடி என்ற பெயர் அதனால்தான்.

ஆஸ்திரேலியா தன் மண்ணின் விலங்குகளை உயிரோடு வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய பல பத்தாண்டுகளாகவே அனுமதிப்பதில்லை. ஆக, மற்ற நாடுகளில் இன்று விற்கப்படும் பியர்டிகள் அநேகமாக எல்லாமே எவர் வீட்டுக் கூண்டிலோ, பண்ணையிலோ பொரித்தவை. இவ்வளவு எளிதாகப் பெருகும் பிராணி என்பதால்தான், ‘நம் வீட்டிலும் பொரிக்க வைத்தால் என்ன?’ என்ற ஆசை வருகிறது.

ஜோடிப் பொருத்தம்: பார்க்க வேண்டிய நான்கு

ஜாதகம் வேண்டாம். ஆனால் நான்கு பொருத்தம் அவசியம்.

வயது. பெண் ஒரு வயதிலேயே பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் அது இன்னும் வளர்கிற பிள்ளை. குறைந்தது 18 மாதம் ஆக வேண்டும். 2 வயது என்றால் இன்னும் நல்லது. வளர்ச்சி முடியும் முன் முட்டை போட்டால், எலும்புக்குப் போக வேண்டிய சத்து முட்டைக்குப் போய்விடும்.

எடை. சமையலறைத் தராசு போதும். 350 கிராமுக்குக் கீழ் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எடை இருந்தாலும், வால் அடிப்பகுதி வற்றி இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அந்த வருடம் விட்டுவிடுங்கள்.

நோய். இரண்டையும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மலப் பரிசோதனை செய்ய வேண்டும். குடல் புழுவும் காக்சிடியாவும் இவற்றுக்குச் சகஜம். அதைவிட முக்கியம் அடினோவைரஸ் பரிசோதனை. பெரிய பியர்டி இந்த வைரஸை எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்துகொண்டிருக்கும். குஞ்சுகளோ வளராமல் சோர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போகலாம். இதற்கு மருந்து கிடையாது. நண்பன் வீட்டு ஆண் ‘பார்க்க நல்லாத்தான் இருக்கு’ என்பது இங்கே செல்லாது.

பரம்பரை. அண்ணன் தங்கையா என்று பாருங்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை என்றால் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, தோல் ரகம். முதுகில் முள் குறைந்து வழவழப்பாக இருக்கும் ரகத்துக்கு லெதர்பேக் என்று பெயர். அதில் இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு செதிலே இல்லாமல் பட்டுத்துணி மாதிரி பிறக்கும், சில்க்பேக் என்பார்கள். போட்டோவில் அழகு. வாழ்க்கையில் வேதனை. தோல் சுலபமாகக் கிழியும், விளக்குச் சூட்டில் பொசுங்கும், சட்டை உரிக்கும்போது விரல் நுனியும் வால் நுனியும் இறுகிக் கருகலாம். நல்ல வளர்ப்பாளர்கள் பலர் லெதர்பேக் இரண்டைச் சேர்ப்பதே இல்லை.

தாடி கறுக்கும் நேரம்

பியர்டட் டிராகன் தனிமை விரும்பி. ‘பாவம், தனியா இருக்கே’ என்று ஒரே கூண்டில் ஜோடியாக விடுவது நாம் செய்யும் மனிதத்தனமான தப்பு. ஆண் விடாமல் துரத்தும். பெண்ணுக்கு ஓய்வும் இருக்காது, தீனியும் இறங்காது. இரண்டு ஆண் என்றால் சண்டையில் ரத்தம் பார்க்காமல் முடியாது.

குளிர்காலத்தில் சில மாதம் மந்தமாகக் கிடந்து எழுந்த பிறகு, வசந்தத்தில்தான் வழக்கமாக இவற்றுக்கு ஜோடி ஆசை வரும். பெண்ணை ஆணின் கூண்டில் கொஞ்ச நேரம் விட்டால், ஆணின் தாடி கரிக்கட்டை மாதிரி கறுக்கும். தலையை மேலும் கீழும் வெடுக் வெடுக்கென்று ஆட்டும். பெண் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். ‘ஹாய் சொல்லுது பாருங்க’ என்று இதைத்தான் வீடியோ போடுகிறார்கள். உண்மையில் அது ‘நான் உன்னோட மோதலை, விட்டுடு’ என்ற அடக்கத்தின் சைகை. பிறகு ஆண் பெண்ணின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பக்கத்திலேயே இருந்து பார்த்து, முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். காயம் ஏதும் பட்டிருக்கிறதா என்று கழுத்தைப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் பியர்டி ஆணின் விந்தணுவை உடம்புக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். அதாவது ஒரே ஒரு நாள் சேர்ந்தாலும், சில வார இடைவெளியில் இரண்டு முறை, மூன்று முறை, அதற்கு மேலும்கூட கருவுள்ள முட்டை போடும். ‘ஒரு தடவைதானே’ என்பது இந்தப் பிராணியிடம் எடுபடாது.

தாயின் எலும்பிலிருந்து வருகிற முட்டை

சேர்ந்து சுமார் 4 முதல் 6 வாரத்தில் முட்டை வரும். வயிறு பக்கவாட்டில் புடைக்கும். கோலிக்குண்டுகளைப் பையில் போட்ட மாதிரி மேடு மேடாகத் தெரியும். கடைசி நாட்களில் தீனி குறையும். கூண்டின் மூலை முடுக்கெல்லாம் பிறாண்டும். ‘எங்கே தோண்டுவது?’ என்று அது கேட்கிறது.

அப்போது கொடுக்க வேண்டியது தோண்டும் பெட்டி. பிளாஸ்டிக் டப் ஒன்றில் ஈரமண்ணும் மணலும் கலந்து, தாய் முழுசாக உள்ளே இறங்கும் அளவுக்கு, 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம் நிரப்புங்கள். குழி தோண்டினால் சரியாமல் நிற்க வேண்டும். பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கிற ஈரம் போதும். சுற்றி நின்று எட்டிப்பார்க்காதீர்கள். போன் கேமராவும் வேண்டாம். தொந்தரவு என்று தோன்றினால் முட்டையை அடக்கிவைத்துக்கொள்ளும். அதுதான் ஆபத்து.

ஒரு ஈட்டில் 15 முதல் 30 முட்டை வரை வரும். கோழி முட்டை மாதிரி கெட்டி ஓடு இல்லை. தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். ஆனாலும் அந்த ஓட்டுக்கும் உள்ளே வளரப்போகும் கருவுக்கும் கால்சியம் வேண்டும். சாப்பாட்டில் போதவில்லை என்றால் தாயின் உடம்பு தன் எலும்பிலிருந்தே கரைத்துக் கொடுக்கும். மனிதத் தாய் மாதிரியேதான்.

கால்சியம் இன்னொரு வேலையும் செய்கிறது. தசை சுருங்கி விரியவே அது வேண்டும். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டால், முட்டையை வெளியே தள்ள வேண்டிய தசைக்குச் சக்தி இருக்காது. முட்டை உள்ளேயே நின்றுவிடும். நாள்கணக்கில் தோண்டியும் முட்டை வரவில்லை, பின்னங்கால் நடுங்குகிறது, உடம்பு துவண்டு கிடக்கிறது, முக்குகிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே மருத்துவர். எக்ஸ்ரே எடுத்து, கால்சியம் கொடுத்துப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் அறுவை சிகிச்சைதான். லேப்டாப் கனவு மருத்துவமனை பில்லில் முடிகிற இடம் இது. அதைவிட, இரண்டு வருடம் தோளில் உட்கார்ந்து திரிந்த ஒரு உயிர் போகிற இடமும் இதுதான்.

இதைத் தவிர்க்க வழி ஒன்றுதான்: ஜோடி சேர்ப்பதற்குப் பல மாதம் முன்பிருந்தே தாயைத் தயார் செய்வது. பூச்சிகளை கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். கீரையும் காயும் தினமும் வேண்டும். வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் மறுமுனை 24 முதல் 28. எல்லாவற்றுக்கும் மேலாக, யு.வி.பி விளக்கு. அந்தக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடம்பில் சேரும். ‘எங்க வீட்டு ஜன்னல்ல நல்லா வெயில் வருதே’ என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யு.வி.பி-யைப் பெரும்பாலும் தடுத்துவிடும். விளக்கு எரிகிறது என்பதாலும் ஏமாறக் கூடாது. வெளிச்சம் இருக்கும், கதிர் தீர்ந்திருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் கணக்குப்படி 6 மாதத்துக்கோ 12 மாதத்துக்கோ ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொரு செய்தி, ஜோடி சேர்க்கிற எண்ணமே இல்லாதவர்களுக்கும்: ஆண் பக்கத்திலேயே வராவிட்டாலும், கோழி மாதிரி, பெண் பியர்டி கருவில்லாத முட்டை போடும். அதற்கும் இதே கால்சியம், இதே தோண்டும் பெட்டி, இதே ஆபத்து. வீட்டில் பெண் இருந்தால் இந்தப் பகுதியை மட்டும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாதே!

முட்டை போட்டு மண்ணை மூடிவிட்டுத் தாய் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அடைகாக்காது. இனி நாம்தான் தாய்.

கோழி அடைகாக்கும்போது முட்டையைப் புரட்டிப் புரட்டி விடும். இங்கே அதற்கு நேர் எதிர். ஊர்வனவின் கரு சீக்கிரமே ஓட்டின் மேல்பக்க உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். புரட்டினால் செத்துவிடலாம். அதனால் முட்டையை எடுக்கும் முன்பே மேல்பக்கத்தில் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அதே பக்கம் மேலே இருக்கும்படி இன்குபேட்டர் டப்பாவில் வையுங்கள். டப்பாவில் வெர்மிகுலைட், எடைக்கு எடை தண்ணீர் கலந்தால் சரியாக இருக்கும். முட்டை மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து இருட்டில் சின்ன டார்ச்சை முட்டையின் அருகே பிடியுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு, ரத்த நாளம் தெரிந்தால் கரு இருக்கிறது. மஞ்சளாக, வெறுமையாக, நாளாக ஆகச் சுருங்கினால் இல்லை.

வெப்பம் 28 முதல் 30 டிகிரி. 55 முதல் 75 நாள். இதில் ஒரு டிகிரி இரண்டு டிகிரி ஏறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வியப்பான தகவல். மனிதர்களில் எக்ஸ்-ஒய் மாதிரி, இவற்றுக்கு இசட்-டபிள்யூ. இரண்டு இசட் இருந்தால் ஆண். ஆனால் முட்டை சுமார் 32 டிகிரிக்கு மேலான சூட்டில் வளர்ந்தால், ஆணாகப் பிறக்க வேண்டியவற்றில் சில பெண்ணாகவே பிறக்கும். சூடு ஏற ஏற இந்த மாற்றமும் அதிகமாகும். இது சோதனைச்சாலையில் மட்டும் நடப்பதில்லை. கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியக் காட்டில் 131 பியர்டட் டிராகன்களைப் பரிசோதித்ததில், 11 பெண்கள் மரபணுப்படி ஆண்களாக இருந்தன. அவை முட்டையும் போட்டன, குஞ்சும் பொரித்தன. 2015-ல் நேச்சர் இதழில் இந்த ஆய்வு வந்தபோது, பூமி சூடாகிக்கொண்டே போனால் இந்த இனத்தில் ஆண்-பெண் கணக்கு என்னாகும் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. ஒரு முட்டைக்குள் நடப்பதையே மாற்றுகிற சூடு என்றால், இன்குபேட்டருக்கு நல்ல தெர்மோஸ்டாட் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். வெப்பமானி ஒன்று போதாது; இரண்டு வையுங்கள்.

பொரிக்கும் நாள் நெருங்கும்போது முட்டையில் வியர்வை மாதிரி துளிகள் தெரியும், லேசாகக் குழி விழும். மூக்கு நுனியில் இருக்கும் சின்ன முட்டைப்பல்லால் குஞ்சு ஓட்டைக் கீறித் தலையை மட்டும் நீட்டி, ஒரு நாள் முழுக்கக்கூட அப்படியே இருக்கும். கை பரபரக்கும். இழுத்துவிடாதீர்கள். உள்ளே மீதமிருக்கும் மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளத்தான் அந்த ஓய்வு.

600 பூச்சி, ஒரு நாளைக்கு!

வெளியே வந்தது 10 சென்டிமீட்டர் நீளம். எடை 2 அல்லது 3 கிராம். உள்ளங்கையில் கால் அளவுகூட நிறையாது. பார்த்தால் கல் மனசும் கரையும். இப்போது கணக்குப் போடுவோம்.

முதல் ஓரிரு நாள் தீனி தேவைப்படாது. அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று முறை, சிலதுக்கு அதற்கு மேலும். ஒரு குஞ்சு ஒரு நாளில் 20 முதல் 50 சின்ன கிரிக்கெட் பூச்சி தின்னும். நம் ஊர் சுவர்க்கோழியின் சொந்தக்காரப் பூச்சிதான். 30 என்றே வைப்போம். 20 குஞ்சு என்றால் ஒரு நாளைக்கு 600 பூச்சி. மாதத்துக்கு 18,000. ஒவ்வொன்றும் குஞ்சின் இரண்டு கண்ணுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிதாக இருந்தால் அடைக்கும். அந்தப் பூச்சிகளுக்கும் நாம் தீனி போட வேண்டும். சில கூண்டிலிருந்து தப்பி சோபாவுக்கு அடியில் ராத்திரி முழுக்கக் கச்சேரி நடத்தும். செலவு மிச்சம் என்று தோட்டத்தில் பிடித்துப் போடலாமா என்றால், கூடாது. பூச்சிமருந்து பட்டிருக்கலாம். அதிலும் மின்மினி ஒன்றே ஒன்று போதும், பெரிய பியர்டியே இறந்துவிடும்.

இடம்? 20-ஐயும் ஒரே தொட்டியில் போட்டால், பசியில் பக்கத்துக் குஞ்சின் வால் நுனியும் கால்விரலும் தீனியாகத் தெரியும். போன விரல் திரும்ப வராது. பல்லிக்கு வளர்கிற மாதிரி வாலும் இதற்கு வளராது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பதைப் பார்த்து ‘எவ்வளவு பாசம்’ என்று நினைப்போம். மேலே இருப்பது விளக்கின் சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. கீழே இருப்பது இழக்கிறது. அவ்வளவுதான். பெரிதையும் சிறிதையும் வாராவாரம் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கைந்து தொட்டியாவது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சூட்டு விளக்கு, யு.வி.பி விளக்கு, தினமும் 12 மணி நேர மின்சாரம்.

இப்படி 6 முதல் 8 வாரம் வளர்த்த பிறகுதான் வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம். அதற்குள் இரண்டாவது ஈடு முட்டை இன்குபேட்டரில் தயாராக இருக்கும். பின்னாலேயே மூன்றாவது. 20 பெருக்கல் 3. அறுபது வீடு தேடித்தர முடியுமா?

வாங்க ஆள் இருக்கிறதே என்றால், சாதாரண நிறக் குஞ்சுகள் கடைகளில் ஏற்கெனவே நிறைய. ஆசையாக வாங்கி, விளக்குச் செலவும் பூச்சித் தொல்லையும் தாங்காமல் கைகழுவப்பட்ட பியர்டிகள் இங்கிலாந்தின் மீட்பு இல்லங்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நாம் பொரிக்க வைக்கும் ஒவ்வொரு குஞ்சும் அவற்றோடுதான் வீட்டுக்குப் போட்டி போட வேண்டும்.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். கேட்கக் கொஞ்சம் கடினமாக இருக்கும். எத்தனை குஞ்சுக்கு வீடு உறுதியோ, அத்தனை முட்டையை மட்டும் இன்குபேட்டரில் வையுங்கள். மீதியை, போட்ட அன்றே, கரு வளரத் தொடங்கும் முன், ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் செய்வது இதைத்தான். தள்ளிப்போட்டால் அது வேறு விஷயமாகிவிடும். இந்த முடிவை 14 வயதுப் பிள்ளையின் தலையில் தனியாக வைக்காதீர்கள். பெரியவர்கள் கூட இருங்கள்.

கையைக் கழுவுங்க

ஆரோக்கியமான பியர்டியின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதற்கு ஒன்றும் செய்யாது, நம்மைப் படுத்திவிடும். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் பியர்டட் டிராகன்களோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு சால்மோனெல்லா பரவலில் 150 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அதில் நிறைய பேர் 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள்.

வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தையோ, வயதான தாத்தா பாட்டியோ, கர்ப்பிணியோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால், 20 குஞ்சு என்பது 20 மடங்கு சுத்தம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது. முத்தம் வேண்டாம், டைனிங் டேபிளில் நடை பழக்குவதும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் பியர்டட் டிராகன் வளர்க்க உரிமம் தேவையில்லை. ஆனால் செல்லப்பிராணி விற்பதைத் தொழிலாகச் செய்தால், 2018-ன் விதிகளின்படி உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். விற்கத் தொடங்கும் முன் கவுன்சிலிடம் கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று, 16 வயது நிரம்பாதவருக்கு விலங்கை விற்பது 2006-ம் வருட விலங்கு நலச் சட்டப்படி குற்றம். ஆகவே ‘கிளாஸ் பசங்க வாங்கிப்பாங்க’ என்ற கணக்கு அங்கேயே அடிபடுகிறது.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு: இது உங்கள் மண்ணின் காட்டுயிர். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் வளர்க்கவே உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடிக்கவே கூடாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: வெளிநாட்டு விலங்குகளை விமானத்தில் ஒளித்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். ரசீது இல்லாத, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பிராணியை வாங்காதீர்கள். வாங்கும் முன் வனத்துறையிடம் சட்ட நிலையைக் கேளுங்கள். இது வறண்ட நிலத்து உயிர். சென்னையின் புழுக்கம் இதற்கு ஆகாது. சித்திரை மாதத்தில் அறையின் சூடே 32 டிகிரியைத் தாண்டும் ஊரில், சூடாக்க மட்டுமே தெரிந்த இன்குபேட்டர் முட்டையைக் காப்பாற்றாது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் எத்தனை மணி நேரப் பயணத்தில் இருக்கிறார் என்பதையும் யோசியுங்கள். அதற்காக, தோட்டத்து ஓணானைப் பிடித்துக் கூண்டில் போடவும் வேண்டாம். அது வேலியிலேயே அழகு.

தம்பிக்கு ஒரு வார்த்தை

தம்பி, உன் ஆர்வம் நல்ல ஆர்வம். இரண்டு வருடமாக ஒரு உயிரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாய். அதுவே பெரிய விஷயம். ஆனால் லேப்டாப்புக்காக இதைச் செய்யாதே. பூச்சியும் மின்சாரமும் மருத்துவரும் போக, கையில் மிஞ்சுவது அநேகமாக ஒன்றும் இருக்காது. எப்படி ஒரு உயிர் உருவாகிறது என்று பார்க்கத்தான் ஆசை என்றால், இந்த வருடம் அவளைத் தயார் செய். வாராவாரம் எடை பார்த்து நோட்டில் எழுது. விளக்கை மாற்று. இரண்டுக்கும் பரிசோதனை செய். அடுத்த வசந்தத்தில் அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து கீழே இருக்கும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் எழுது. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தால், நாலைந்து முட்டையோடு ஆரம்பி. ஏதாவது ஒன்றுக்கு இல்லாவிட்டாலும், அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வதே போதும்.

ஜோடி சேர்க்கும் முன் ஆறு கேள்விகள்

1. பெண்ணுக்கு 18 மாதம் தாண்டிவிட்டதா? எடை 350 கிராமுக்கு மேல் இருக்கிறதா?

2. இரண்டுக்கும் மலப் பரிசோதனையும் அடினோவைரஸ் பரிசோதனையும் ஆகிவிட்டதா?

3. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை, இரண்டும் லெதர்பேக் இல்லை என்று உறுதியா?

4. முட்டை நின்றுவிட்டால் அன்றே போக மருத்துவரும், அதற்கென்று எடுத்துவைத்த பணமும் இருக்கிறதா?

5. எத்தனை குஞ்சுக்கு வீடு உறுதி? பெயரை எழுத முடிகிறதா? அவர்கள் வீட்டில் விளக்கும் தொட்டியும் இருக்கிறதா?

6. ஒருவரும் வாங்காவிட்டால், அத்தனையையும் 10 வருடம் நாமே வைத்துக்கொள்ள முடியுமா?

ஆறாவது கேள்விக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லுங்கள். முக்கியமாக, மின்சார பில் கட்டுகிறவர்!

(அடுத்த வாரம்: பூனை தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறதா?)